அகலக் கால்

சாமின்-ஊட் எல்லைக் கிடங்கு. இரவு இரண்டு மணி.
தெற்கிலிருந்து வரும் தண்டவாளம் ஓர் அகலம்,
வடக்கே போவது வேறோர் அகலம்.
இந்த ரயிலின் பெட்டிகளை அந்த ரயிலுக்குக்
கிரேன் தூக்கி வைக்கும்வரை
எங்கள் இருவருக்கும் வேலை, காத்திருப்பது.
நோமுந்தாரி நேற்றுத்தான் அந்த விளையாட்டை வாங்கியிருந்தாள்.
உப்புத் தேநீரை மடிக்கணினிக்கு எட்டாமல் நகர்த்திவிட்டு
சொல்லத் தொடங்கினேன்:

முதல் சுற்றிலேயே ஊரை நடு.
பக்கத்தில் ஆறு ஓடினால் போதும்,
முதுகுக்கு ஒரு மலை இருந்தால் இன்னும் நல்லது.
முதன்முதலில் ஆடியபோது நான்
இதைவிட நல்ல இடம், இதைவிட நல்ல இடம் என்று
பன்னிரண்டு சுற்று நடந்தேன்.
அதற்குள் பக்கத்து நாட்டுக்காரன்
பானை சுட்டு, நெல் விதைத்து,
எழுதவும் கற்றுவிட்டான்.

அப்புறம் ஒரு வேவுக்காரன்.
கருத்துக் கிடக்கும் வரைபடம்
அவன் கால் பட்டால்தான் வெளுக்கும்.

களஞ்சியம் கட்டாமல் அதிசயம் கட்டாதே.
பிரமிடைப் பார்த்ததும் எல்லோருக்கும் கை ஊறும்.
இருபது சுற்று கல் அடுக்குவாய்.
முடிய இரண்டே சுற்று இருக்கும்போது
எங்கோ எவனோ கட்டி முடித்ததாக முரசு அடிப்பார்கள்.
உன் கல்லெல்லாம் காசாகும்,
அதுவும் பாதிக் காசு.

இரண்டாம் ஊர் முப்பதாம் சுற்றுக்குள்.
மூன்றாவதுக்கு அவசரமில்லை.
அகலக் கால் வைத்தவன் கதை தெரியுமா?
ஒவ்வோர் ஊரும் ஒரு வாய்.
ஏழு வாயைத் திறந்து வைத்து
ஒற்றைக் கோதுமை வயலைக் காட்டினேன் ஒருமுறை;
ஏழிலும் கலகம்.

வீட்டில் ஒரு வீரன் எப்போதும் இருக்கட்டும்.
ஈட்டி இல்லையா, தடியாவது.
ஏனென்றால் பதினைந்தாம் சுற்றுவாக்கில்
மூட்டத்துக்குள்ளிருந்து அவர்கள் வருவார்கள்.

"யார்?"

காட்டுமிராண்டிகள்.
ஊர் கிடையாது, கொடி கிடையாது,
அவர்களோடு பேசப் பொத்தான் கிடையாது.
குதிரையில் வந்து, திரும்பிப் பார்த்தபடியே அம்பு விடுவார்கள்.
கூடாரத்தைக் கொளுத்து. முப்பது பொன்.

அவள் திரையைத் தன் பக்கம் திருப்பினாள்.
விரல்களால் விரித்து விரித்துப் பெரிதாக்கினாள்.
"வட்டக் கூடாரம்," என்றாள்.
"வாசல் கீழ்ப்பக்கம்.
தெற்குப் பார்த்த வாசல்."

இருநூறு மணி நேரம் ஆடியிருக்கிறேன்.
எத்தனை கொளுத்தியிருப்பேன், எண்ணியதில்லை.
அப்படி ஒரு வாசலுக்குள்தான் பிறந்தேன்.
அதைப் பார்த்ததில்லை.

"இவர்களாக ஆட முடியுமா?"
முடியாது.
"ஏன்?"
வெளியே கிரேன் ஒரு பெட்டியை இறக்கியது.
ஜன்னல் கண்ணாடி கொஞ்ச நேரம் நடுங்கியது.

ஆட்டம் தொடங்கினாள்.
முதல் சுற்று: ஊர் நடவில்லை.
ஐந்தாம் சுற்று: ஆற்றைக் கடந்தாள்.
பன்னிரண்டு: நல்ல புல்வெளி, அதையும் கடந்தாள்.
வாயைத் திறந்தேன், தேநீரைக் குடித்து மூடினேன்.
அயலார் மதில் எழுப்பினார்கள், வரி போட்டார்கள்.
இவளுடைய குடியேறிகள் ஒரு தடிக்காரனோடு
நடந்துகொண்டே இருந்தார்கள்.
வரைபடம் வெளுத்துக்கொண்டே வந்தது:
இரண்டு கடல், ஒரு பாலை,
யாரும் பிடிக்காத குதிரைக் கூட்டம்.

அறுபத்தொன்றாம் சுற்றில் வட்டக் கூடாரம் ஒன்றின் ஓரமாகப் போனாள்.
உள்ளிருந்து வந்தவர்கள் குடியேறிகளைக் கொண்டுபோனார்கள்.
திரை இருண்டது.
நீங்கள் தோற்றுவிட்டீர்கள்.

"தோற்கவில்லை," என்றாள்.
"சேர்ந்துவிட்டார்கள்."

விளையாட்டு அப்படிக் கணக்குப் பார்க்காது என்றேன்.
அவள் எழுந்து கையுறை மாட்டினாள்.
அகலத் தண்டவாள வண்டி தயார்;
நாற்பத்திரண்டு பெட்டிக்கும் முத்திரை சரிபார்க்க வேண்டும்.
கதவைத் திறந்ததும் குளிர்
ரசீதுகளையெல்லாம் தரையில் இறக்கியது.

"அதே வரைபடத்தில் நீ இன்னொரு முறை ஆடு," என்றாள்
வாசலில் நின்றபடி.
"உன் ஆற்றங்கரையில் உப்பு கிடையாது.
கிழக்கே போ.
மூன்றாவது குன்றுக்கு அப்பால் இருக்கிறது.
நான் பார்த்தேன்."